இடுப்பில் ஒரு நாற்றங்கால்

ஆறு மாதம் நான் வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதரின் பெயர் தவசிக்கனி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஏதோ நல்லவள் மாதிரித் தெரிய நேர்ந்தால், இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டினேன். இரண்டாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம் சித்திரையில் முதுகு வலிக்க ஆரம்பித்தது. வண்டி ஓட்டுகிறவளுக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று இருந்துவிட்டேன். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வந்தது. எடை குறைந்தது. பழைய ரவிக்கை எல்லாம் சேர்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு பழக்கம். யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் குப்புறப் படுக்கவைத்து, பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கச் சொல்வார்கள். சுளுக்கு என்றால் அதில் போய்விடும். எனக்கு இருந்தது சுளுக்கு இல்லை. மிதித்த மனிதர் பாவம், மெதுவாகத்தான் காலை வைத்தார். உள்ளே இரண்டு முள்ளெலும்புகள் கறையான் அரித்த நிலைப்படி மாதிரி இருந்திருக்கின்றன. மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே என் உடம்பு இல்லை.

எலும்புக் காசநோய் என்றார்கள். நான் ஒருநாளும் இருமியது கிடையாது என்று சண்டை போட்டேன். மூச்சு வழியாக நுழைகிற கிருமி ரத்தத்தில் ஏறி முதுகெலும்பிலோ இடுப்பிலோ முட்டியிலோ போய்க் குடியேறிவிடும், அங்கே இருந்து அது அடுத்தவருக்குத் தொற்றாது, உட்கார்ந்த இடத்தைத்தான் அரிக்கும் என்று விளக்கினார்கள். ஒரு காலத்தில் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமாம். என்னுடையது மாத்திரைகளையெல்லாம் பார்த்துப் பழகிவிட்ட கிருமி. பணகுடிக்கு அந்தப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு மருத்துவமனைக்கு என்னைக் கொண்டுபோனார்கள்.

அங்கே டாக்டர் ஃபர்சானா இருந்தார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இடது கையை மடித்து, அதில் ஃபைலை வைத்துக்கொண்டே வார்டு முழுக்க நடப்பார். கல்யாண வீட்டில் சீர்த்தட்டு ஏந்தி வருகிற மாதிரி இருக்கும். முதல் நாளே என் கட்டிலில் உட்கார்ந்து, ஒளிக்காமல் பேசினார்.

“மாத்திரைக்கு அடங்காத கிருமி இது. ஆனா இதத் தின்னுற இன்னொரு கிருமி இருக்கு. நம்ம உடம்ப அது ஒண்ணும் செய்யாது. இதத் தின்னு பெருகும், தின்ன இது இல்லன்னா தானும் செத்துரும்.”

“அப்ப அதக் குப்பியில வளத்து ஆளுக்கொரு ஊசி போட வேண்டியதுதான?”

“குப்பியில நல்லாத்தான் வளரும், செண்பகவல்லி. ரெண்டே தலைமுறையில எலும்புக்குள்ள போற வழிய மறந்துரும். வழி தெரிஞ்சதா வேணும்னா, காசம் இருக்கிற ஒரு மனுசரோட எலும்புக்குள்ளதான் வளக்கணும்.”

அப்படி ஒருவர் இருக்கிறார் என்றார். தன் உடம்பில் ஒரு மூட்டில் மட்டும் நோயை விட்டுவைத்து, அது முற்றவும் விடாமல் தீரவும் விடாமல் காப்பவர். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த மூட்டிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, அதிலுள்ள தின்னிகளை மற்றவர்களுக்குச் செலுத்துவார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுகிற மாதிரிதான். அதனால் அந்த மனிதருக்கு ஆஸ்பத்திரியில் நாற்றங்கால் என்று பெயர். யார் அது என்று கேட்டேன். எதிர்ச் சுவரில் இருந்த பலகையைக் காட்டிவிட்டு எழுந்து போனார்.

நிமிர்ந்து படுத்தே கிடந்த எனக்கு அந்தப் பலகையைத் தவிர வேறு படிப்பு இல்லை. இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். நாற்றங்கால் யார் என்பதை நோயாளிகளுக்குத் தெரிவிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவர் நாற்றங்காலாக இருக்கக் கூடாது. முன்வருமாறு மருத்துவர்கள் யாரையும் கேட்கக் கூடாது. நன்றிக்கடனாக முன்வருவோர் ஏற்கப்படமாட்டார்கள். கடைசி வரி மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. நன்றியில்லாதவன் எதற்கு முன்வரப் போகிறான்?

இனி தவசிக்கனி. வார்டு உதவியாளர். நீலச் சட்டை, நரைத்த மீசை, கயத்தாற்றுக்காரர். பெட்பான் வைப்பது, திரும்பிப் படுக்கவைப்பது, டீ கொண்டுவருவது எல்லாம் அவர்தான். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பழைய நோயாளிகள், ஆளாளுக்கு ஒரு நொண்டல் இருந்தது, யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் பொருட்படுத்தினேன். கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு யுகம் கழிந்துவிடும். அசையாமல் கிடக்கிறவளுக்கு வேறு எதன்மேல் கோபத்தைக் காட்டத் தெரியும்?

“ஏ அண்ணாச்சி, ஆம கூட உங்கள முந்திரும். டீ ஆறித் தண்ணியாப் போச்சு.”

“அப்ப நீங்களே எந்திரிச்சு வந்து எடுத்துக்கிடுங்க.”

கால் விளங்காதவளைப் பார்த்து முதல்முறை அவர் இதைச் சொன்னபோது தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. நான் ஏசுவேன், அவர் அதே வார்த்தையைச் சொல்வார், அந்தக் கோபத்தில் நான் படுக்கையில் நெளிவேன். நெளிவது நல்லது என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னாள்.

இரண்டாவது தவணை மருந்து ஏறிய எட்டாம் நாள் வலது கால் பெருவிரல் அசைந்தது. என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து அதை முதலில் பார்த்து, ஈ உட்கார்ந்திருக்கிறது என்று விரட்டப் போனார். அடுத்த மாதம் முட்டி மடங்கியது. ஐந்தாம் மாதம் முதுகுக்குப் பட்டை கட்டி நிற்கவைத்தார்கள். நின்றேன். என் கால், என் பாதம், அடியில் சிமெண்டுத் தரையின் குளிர். அந்தக் குளிரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் நிறையும். முகம் தெரியாத யாரோ ஒருவர் வலியைத் தாங்கிக்கொண்டு எனக்கு இதைக் கொடுத்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

அதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. முதன்முதலாக நடக்கிறவர் சமையலறை ஜன்னல்வரை தானே போய் ஒரு டம்ளர் டீ வாங்க வேண்டும். வராந்தாக் கடைசியில் பூட்டிக் கிடக்கிற ஒன்பதாம் அறையின் வாசலில் அதை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நாற்றங்காலுக்குச் சொல்கிற நன்றி அவ்வளவுதான். யார் எடுத்துக் குடிக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் சர்க்கரை தூக்கலாகப் போட்டு வாங்கினேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, டம்ளர் தளும்பாமல் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி நடந்து, தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். பார்க்காதே என்றால் பார்க்கிற ஜாதி நான்.

கால் மணி நேரத்தில் தவசிக்கனி வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனியச் சிரமப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு டம்ளரை எடுத்தார். நின்றபடியே குடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகுப் பட்டை அறுந்துபோகும்போல் இருந்தது.

“நாற்றங்காலுக்கு வச்ச டீய எடுத்துக் குடிக்கீயளே, வெக்கமா இல்ல? இத்தன நாளும் எல்லாரும் வச்சதையும் நீருதான் குடிச்சீரா?”

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். “ஆறிப்போயிரும்லா” என்றார். காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேரே டாக்டரிடம் போய்ப் புகார் சொன்னேன். அந்த ஆளை வேலையை விட்டே தூக்க வேண்டும் என்றேன். ஏழைகள் வைக்கிற நன்றியைத் திருடிக் குடிக்கிறவன் எதையும் திருடுவான் என்றேன். டாக்டர் சிரிக்கப் போகிறார் என்று முதலில் தோன்றியது. சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவசிக்கனி குனிந்த விதம், சுவரைப் பிடித்த கை, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அவர் லீவு போட்டதும் மறுநாள் அவர் இன்னும் மெதுவாக நடந்ததும் நான் இன்னும் சத்தமாக ஏசியதும் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாற்காலி இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் டாக்டர் சொல்லல? நான் அவர என்னென்ன பேச்சுப் பேசியிருக்கேன்.”

“பேசணும்னுதான் சொல்லல.” ஃபைலை மேசையில் வைத்தார். “ரெண்டாவதா நாற்றங்காலா இருந்தவர எல்லாருக்கும் தெரியும். பிழைச்சவங்க வந்து கால்ல விழுந்தாங்க. அதக்கூடத் தாங்கிரலாம். பிழைக்க வேண்டியவங்க வீட்டாளுங்க வந்து அழுதாங்க. இன்னும் ஒரு மாசம் இருங்க சாமி, எம்புள்ள எந்திரிக்கிற வரைக்கும் இருங்கன்னு. அவரால போறேன்னு சொல்லவே முடியல. மூட்டுல இருந்தது மூளைக்கு ஏறிருச்சு. நாலாவது வருசம் இந்த வார்டுலதான் இறந்தாரு.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அதனாலதான் அந்தச் சட்டம். சாமின்னு கும்பிடுறவங்க விடமாட்டாங்க. ஏசுறவங்க நடுவுல இருந்தா, நேரம் வந்ததும் மனுசன் எந்திரிச்சுப் போயிரலாம். உங்க ஏச்சு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அவருடைய இரண்டு ஆண்டு தை மாதத்தோடு முடிகிறது என்றார். அதற்குள் அவர் உடம்பு தின்னிகளை அடையாளம் கண்டு கொல்லப் பழகியிருக்கும், ஆகவே அவருக்கு அந்த மருந்து பலிக்காது. அரித்த இடத்தைச் செதுக்கி எடுத்து எலும்போடு எலும்பைச் சேர்த்துவிடுவார்கள். நோய் போய்விடும், அந்த இடுப்பு இனி மடங்காது. நாற்பத்தோரு பேரை எழுப்பிவிட்ட மனிதருக்கு மிஞ்சுவது அதுதான். தை மாதத்துக்குப் பிறகு நாற்றங்கால் யார் என்று கேட்டேன். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே காற்றாலையைப் பார்த்தார். இன்னும் யாரும் இல்லை என்றார்.

என் பக்கத்துக் கட்டிலில் ஜெனிட்டா கிடந்தாள். உவரிப் பக்கத்துப் பெண், வயது இருபத்தொன்று. முதுகில் அதே நோய், அதே மாதிரி செத்த கால்கள். இரண்டு தவணை ஏறியிருந்தது, இன்னும் நாலு வேண்டும். நடுவில் நின்றால் கிருமி மறுபடி தலையெடுக்கும், அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். அவளுடைய அப்பா சூசை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உணர்ச்சி இல்லாத அந்தப் பாதங்களை நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்பார். வலிக்கிறது என்று ஒருமுறையாவது அவள் சொல்லிவிட மாட்டாளா என்றுதான் கேட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டர் எனக்குக் கடைசியாக எடுத்த ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகு சுத்தமாகிவிட்டது. இடது முட்டியில் ஒரு பொட்டு மட்டும் மிச்சம், திங்கட்கிழமை கடைசித் தவணையில் அதுவும் போய்விடும், பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. முட்டியில் ஒரு பொட்டு நோய், ஆபத்தில்லாத இடம். நாற்றங்காலுக்கு என்ன வேண்டுமோ அது அப்படியே என்னிடம் இருந்தது.

அடுத்த நாற்றங்காலாக இருக்கப் போகிறேன் என்று வெயிலுமுத்துவிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் கத்தினார். எட்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருடமா என்று கேட்டார். ஞாயிறுதோறும் மகள் இளவேனில் வருவாள், வந்து போகும்போதெல்லாம் அழுவாள், நானும் அழுவேன். அதுதான் நான் கொடுக்கிற விலை, முட்டி இல்லை.

“முட்டி மடங்காமப் போயிரும்ட்டி. சம்மணம் போட்டு உக்காரக்கூட முடியாது.”

“உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்? பிரேக்கு வலது காலுலதான இருக்கு.”

அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். சூசையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

முன்வருகிறவர்களை விசாரித்து ஏற்கிற கமிட்டியில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர், வெள்ளைப் பருத்திப் புடவை, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறவர். எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார்.

“இத நன்றிக்காகச் செய்றீங்களா?”

“நன்றியா? யாருன்னே தெரியாத ஆளுக்கு என்னத்த நன்றி?” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பச்சைப் பொய்களில் அதுதான் முதல் இடம். உள்ளே நன்றி தொண்டைவரை நின்றது. வாயைத் திறந்தால் வழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

நோயாளியின் குணத்தை வார்டு ஊழியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். கூப்பிட்டார்கள். தவசிக்கனி காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

“இவங்க நன்றியுணர்ச்சி உள்ளவங்களா?”

“இந்தம்மாவுக்கா?” அவர் மீசையைத் தடவினார். “அந்தச் சோலியே கெடையாதும்மா. ஆறு மாசமா இவுகளுக்கு எல்லாம் நாந்தான் செய்யுதேன். ஒருநா ஒரு நல்ல வார்த்த சொன்னது கெடையாது. போன வாரங்கூட டீத் திருடன்னு என்மேல புகாரு குடுத்திருக்காவ. ஃபைலுல இருக்கும், பாருங்க.”

ஃபைலில் இருந்தது. நீதிபதி அம்மா அதைப் படித்தார். படிக்கும்போது அவர் வாயோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

“அப்புறம் எதுக்காக முன்வர்றீங்க?”

“பக்கத்துக் கட்டில்ல ஒரு மனுசன் தெனமும் மகளோட செத்த காலத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. அதப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது. என் சோத்துக்காகச் செய்யுதேன்னு எழுதிக்கிடுங்கம்மா.”

எழுதிக்கொண்டார்.

தை இருபதாம் தேதி தவசிக்கனியை ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போக வண்டி வந்தது. கேட்டுவரை கூடப் போனேன். வாய் கோணிக்கொண்டு வந்தது. அவர் விரலை நீட்டி எச்சரித்தார்.

“நன்றின்னு ஒரு வார்த்த சொன்னீய, நேரே கமிட்டில போயிச் சொல்லிப்புடுவேன். அன்னைக்கு டீயில சீனி சாஸ்தி. அத மட்டும் சொல்லிக்கிடுதேன்.”

“வெரசா நடங்க அண்ணாச்சி” என்றேன். குரல் உடைந்துவிட்டது. “ஆம மாதிரி நடந்தா வண்டி போயிரும்.”

அவர் வண்டியில் ஏறி உட்காரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து நான் யாருக்கும் அதைவிட நன்றாக நன்றி சொன்னதில்லை.

அடுத்த வாரம் என் முட்டியில் முதல் ஊசி. வலிக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து பழகிவிடும், அன்றைக்கு ராத்திரி மட்டும் தலையணையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். புத்தகத்தில் படித்துச் சொல்கிற மாதிரி இல்லை. ரெண்டாவது ஆளைப் பற்றிச் சொன்னாரே, முதல் ஆள் யார் என்று நான் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. ஊசியை வலது கையால் பிடித்திருந்தார். இடது கை எப்போதும்போல மடிந்து, நெஞ்சோடு ஒட்டி இருந்தது. ஃபைல் இல்லை. ஃபைல் இல்லாமலும் அது நீளவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

இப்போது சித்திரை. நீலச் சட்டை எனக்குக் கொஞ்சம் பெரிது. தவசிக்கனி போன இடத்துக்கு ஆள் இல்லாமல் உதவிக்கு நின்றுவிட்டாள், பழைய நோயாளிதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெனிட்டாவுக்கு ஐந்து தவணை ஏறிவிட்டது. சூசை பாதத்தைத் தேய்த்தால் இப்போது கூசுகிறது என்று உதைக்கிறாள். நிற்க மட்டும் மாட்டேன் என்கிறாள். பயம்.

இன்று காலை டீத் தட்டோடு வார்டுக்குள் நுழைந்தேன். நேற்றுத்தான் ஊசி. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

“எக்கா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள மாடு ஈன்று, கறந்து, இன்னொரு டீ போட்டுரலாம். எவ்ளோ நேரம்!”

எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. ஜெனிட்டா தனக்குத் தெரிந்து எனக்கு ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை. அவள் முகத்தில் சுத்தமான கோபம் மட்டும் இருந்தது. தட்டை அவள் கைக்கு எட்டாத மேசையில் வைத்தேன்.

“அப்ப நீயே எந்திரிச்சு வந்து எடுத்துக்கோ.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சூசை என்னை முறைத்தார். அவள் போர்வையை உதறினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து, இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். குளிர்ந்திருக்க வேண்டும், சட்டென்று கீழே பார்த்தாள்.